கொழுப்புக் கரைப்பான் இலைக்கு ஒரு நற்சான்று

திருவண்ணாமலை,
ரௌத்திரி வருடம், மார்கழி மாதம்.

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய என் மைத்துனர், தபால் வழியில் வைத்தியம் கற்றுத் தேர்ந்த சிகாமணி, சிரஞ்சீவி பரசுராமனுக்கு, உன் அக்காள் உண்ணாமலையின் புருஷனும் உன் வைத்தியத்திலிருந்து உயிரோடு மீண்டவனுமாகிய ராஜமாணிக்கம் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நான், உன் அக்கா, பெண் கஸ்தூரி மூவரும் அண்ணாமலையார் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். அண்ணாமலையார் என்று அழுத்தி எழுதுவதற்குக் காரணம் உண்டு. உன் புண்ணியத்தில் என்று நீ படித்துக்கொள்ளக் கூடாது. அங்கே உன் க்ஷேமத்தையும், உன் வீட்டு வாசலில் மாட்டியிருக்கும் வைத்தியசாலை போர்டின் க்ஷேமத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன்.

நீ போட்ட கார்டு கிடைத்தது. தீபத்தன்று நடந்தது சின்ன மனஸ்தாபம், அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், தை பிறந்ததும் வேலூரில் பெரிதாக வைத்தியசாலை திறக்கப் போகிறாய், கொழுப்புக் கரைப்பான் இலையால் எங்கள் குடும்பம் அடைந்த நன்மைகளைப் பற்றி நான் ஒரு நற்சான்று எழுதி அனுப்பினால் நோட்டீஸில் போட்டுக்கொள்வாய், இவ்வளவும் ஒரு கார்டில் எழுதியிருந்தாய். உன் அக்கா அடுப்படியிலிருந்தே, "தம்பி இன்னா எழுதியிருக்கான்?"னு கேட்டாள். "நம்மளை நோட்டீஸ்ல போடப் போறானாம்" என்றேன். "போட்டோவோடயா?" என்று கேட்டாள். உங்கள் குடும்பத்தில் எல்லாரும் ஒரே அச்சு. போகட்டும், கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லும் வழக்கம் எங்கள் பரம்பரையில் கிடையாது. நீ கேட்ட நற்சான்று இதுதான். ஒரு எழுத்து குறைக்காமல் அச்சடிக்க வேண்டும்.

ஐப்பசியில் நீ வந்து உட்கார்ந்த இடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். வேலூர் ஜவுளிக்கடைக்காரர் பையன் ஒருத்தன் இருக்கிறான், தங்கமான வரன், கஸ்தூரி போட்டோ அவர்களுக்குப் பிடித்துவிட்டது, ஒரே ஒரு குறைதான் என்றாய். என்ன குறை என்று கேட்டேன். "பொண்ணு கொஞ்சம் பூசினாப்ல இருக்குதாம் மாமா. தீபத்துக்குள்ள எளைச்சுட்டா கையோட தட்டு மாத்திக்கலாம்னு பையனோட அம்மா ராஜம்மாள் சொல்றாங்க" என்றாய். நடுவில் தீபம் எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, "அன்னிக்குத்தான் பொண்ணு பாக்க வராங்க. உங்க மொட்டை மாடியில இருந்து தீபம் தெரியுமான்னு கேட்டாங்க, நல்லாத் தெரியும்னு சொல்லிட்டேன்" என்று சொல்லிவிட்டு உன் அக்கா வைத்த அடையை எடுத்துக் கடித்தாய். பரசுராமா, இந்த ஊரில் மாடி வீடு வைத்திருப்பவனுக்குக் கார்த்திகை மாதம் வந்தால் எங்கெங்கோ இருக்கிற சொந்தம் எல்லாம் பாயோடு வந்து இறங்கும். அது பழகிப் போன கஷ்டம். ஆனால் பெண் பார்க்கிற சாக்கில் தீபம் பார்க்க வருகிற சம்பந்தத்தை நீதான் முதலில் கண்டுபிடித்தாய். மாடியைப் பற்றி முதலில் கேட்டுவிட்டுப் பெண்ணைப் பற்றி அப்புறம் கேட்கிறார்களே என்று எனக்கு அன்றைக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெண்ணைப் பெற்றவனுக்குக் குறையெல்லாம் தன் வீட்டில்தான் தெரியும், வருகிறவன் வீட்டில் தெரியாது.

அப்புறம் போளூர் வழியாக வரும் வேலூர் பஸ்ஸில், கண்டக்டர் காலடியில், ஒரு கோணி மூட்டை வந்தது. உள்ளே இலை. இதற்கு என்ன பேர் என்று கேட்டு எழுதினேன். தொழில் ரகசியம், கொழுப்புக் கரைப்பான் என்று மட்டும் சொல்லிக்கொள்ளலாம் என்று பதில் போட்டாய். இதைத் தின்றால் கொழுப்பு வெயிலில் வைத்த வெண்ணெயாக உருகும், ஜீரண அக்கினி கொழுந்துவிட்டு எரியும், வாயு இறங்கும், மூட்டு லேசாகும், முகத்தில் தேஜஸ் ஏறும். இத்தனைக்கும் ஒரே பத்தியம்தான்: வாயில் எது போவதானாலும் அதற்கு முன்னால் ஒரு இலையை மென்று சாற்றை நாக்கு முழுக்கப் பரவ விட வேண்டும். தண்ணீருக்கு மட்டும் விலக்கு. அந்த விலக்கை ஏன் கொடுத்தாய் என்று இன்றுவரை புரியவில்லை. தண்ணீரையும் சேர்த்திருந்தால் எங்களுக்கு அது ஒன்றாவது தித்தித்திருக்குமோ என்னவோ.

வைத்தியம் ஆரம்பிக்கும் முன்னால் எடை பார்த்து வைக்கச் சொன்னாய். நான் மல்லாட்டை மண்டியில் கடலை மூட்டைக்கு எடை போடுகிறவன், அந்த வசதிக்குக் குறைவில்லை. ஒரு மத்தியானம் மண்டியில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து கஸ்தூரியைக் கூட்டிப் போய்த் தராசு மேடையில் ஏற்றினேன். முள் நின்ற இடத்தைப் படித்துவிட்டு, "சரி, எறங்கு" என்றேன். இறங்கி, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் வீட்டுக்கு நடந்துவிட்டாள். வெட்கம் என்று நினைத்தேன். அடுத்த நாள் இலையை அவள் மட்டும் தின்பதைப் பார்க்க மனசு கேட்காமல், "பொண்ணு மட்டும் இன்னா பாவம் பண்ணா, எல்லாரும் தின்போம்" என்று நானும் ஆரம்பித்தேன். தம்பி கொடுத்தது அமிர்தம் என்று உன் அக்காவும் ஆரம்பித்தாள். கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு. கஸ்தூரி தன் பங்கை வாங்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விடுவாள். கோணிய முகத்தை நாங்கள் பார்க்கக் கூடாது என்று அப்படிப் போகிறாள், பாவம், என்று உன் அக்காவிடம் சொன்னேன்.

பலன் உடனே தெரிந்தது. காபி வெந்நீராகிவிட்டது. முதலில் பால்காரி எல்லம்மாள் மேல் சந்தேகப்பட்டு, "பாலை எங்க வெச்சுட்டு வந்த?"னு கேட்டேன். அவள் மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து வாசலிலேயே கறந்து காட்டினாள். காபிப் பொடியை மாற்றினேன். வெல்லம் வாங்கி வந்து கடித்துப் பார்த்தேன், செங்கல். வாழைப்பழம் வேகவைத்த கிழங்கு மாதிரி இருந்தது. கோயிலில் கை நிறையச் சர்க்கரைப் பொங்கல் வாங்கி வாயில் போட்டு, வெறும் உப்பில்லாத பொங்கலாக இருக்கவே, நான் செய்த பாவம் என்னவோ என்று பிராகாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் அக்காவும் அதையேதான் சொன்னாள். கஸ்தூரியைக் கேட்டேன். "நீங்க சொன்னா சரிதாம்பா" என்றாள். வீட்டில் எல்லாருக்கும் இனிக்கவில்லை என்றால் குற்றம் யார் மேல்? ஒரு நாக்கு பொய் சொல்லலாம், ஒரு குடும்பமே பொய் சொல்லுமா? சர்க்கரை மேல்தான் குற்றம் என்று முடிவுக்கு வந்தேன். மூட்டையை அவிழ்த்து மாதிரி பார்த்து, சொத்தைக் கடலையைக் கையால் தொட்டே சொல்லிவிடுகிறவன் நான். என்னை ஒரு ரேஷன் கடை ஏமாற்றுவதா?

பையை எடுத்துக்கொண்டு, பத்தியம் தவறாமல் ஒரு இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, ரேஷன் கடைக்குப் போனேன். ஊரெல்லாம் சர்க்கரைக்கு அடித்துக்கொள்கிற காலம், தீபத்துக்கு முன்னால் வேறு, வரிசை தெருக்கோடி வரை நின்றது. கடையில் எடை போடுகிற ஆதிமூலம் நல்ல மனுஷன், பேசத் தெரியாதவன். பையை அவன் முன்னால் கவிழ்த்து, "இதுல இனிப்பு எங்கடா?" என்று கேட்டேன். அவன் ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்து, "நல்லாத்தான் இனிக்குதுண்ணா" என்றான். "உனக்கு இனிக்கும். எங்க வீட்டு இனிப்பெல்லாம் உன் வாயிலதானே இருக்குது" என்றேன். வரிசையில் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து ஒரு சிட்டிகை எடுத்து, "இனிக்குதே, நல்லா இனிக்குதே" என்று சொல்லிவிட்டு மறுபடியும் வரிசையில் போய் நின்று மறுபடியும் வந்து எடுத்துப் பார்த்தார்கள். பை பாதியானது. எல்லாரையும் ஆதிமூலம் விலைக்கு வாங்கிவிட்டான் என்று அங்கேயே கத்தினேன். சர்க்கரையைக் காய்ச்சி இனிப்பை மட்டும் தனியாக இறக்கி ஓட்டல்காரனுக்கு விற்றுவிட்டு, சக்கையைக் குடிஜனங்களுக்கு அளக்கிறான் என்றும் சொன்னேன். அப்படி ஒரு தொழில் உண்டா என்று இப்போது என்னைக் கேட்காதே. இலை தின்கிறவன் மூளையில் அப்போது அது நியாயமாகத்தான் பட்டது. ஆதிமூலம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்து, "மனு போடாம விடப் போறதில்லை" என்றேன். கஸ்தூரிதான் டைப் கற்றுக்கொள்கிறாளே, நான் சொல்லச் சொல்ல அவளே இன்ஸ்டிட்யூட்டில் அடித்துக்கொண்டு வந்தாள். தாசில்தாருக்குப் போடலாம் என்றேன். "வேணாம்பா, சப்ளை செக்ஷனுக்கு நேராப் போட்டா சீக்கிரம் வந்து விசாரிப்பாங்க" என்றாள். என் பெண்ணுக்கு உலக விவகாரம் தெரிகிறது என்று பூரித்துப் போனேன். அவள் சொன்னபடியே, மனு போன சூட்டோடு தாலுகா ஆபீஸிலிருந்து சப்ளை செக்ஷன் கிளார்க் ஏழுமலை என்று ஒரு பிள்ளையாண்டான் சைக்கிளில் வந்து இறங்கினான். மரியாதை தெரிந்த பையன். சர்க்கரையை நாக்கில் வைத்துப் பார்த்து, "எனக்கு இனிக்குதுங்களே" என்றான். "ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்கு எல்லாம் இனிக்கத்தாம்பா செய்யும்" என்று ஒரு போடு போட்டேன். கஸ்தூரி காபி கொண்டு வந்தாள். குடித்துவிட்டு, காபி ரொம்ப நல்லா இருக்குது என்று எழுதாத குறையாக வாக்குமூலம் கொடுத்தான். மறுநாள் மாதிரி எடுக்க வந்தான். அதற்கப்புறம் மாதிரி எடுத்த டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்தான். பிறகு டப்பாவின் மூடியைக் கொடுக்க வந்தான். ஒரு தனி மனுஷன் போட்ட மனுவுக்கு அரசாங்கம் இத்தனை தடவை வந்து போகிறது என்றால் தேசம் உருப்பட்டுவிட்டது என்று மண்டியில் எல்லாரிடமும் சொன்னேன்.

இதற்கு நடுவில் இலையின் மகிமையையும் சொல்ல வேண்டும், நோட்டீஸில் அதுதானே முக்கியம். என் வேட்டி இடுப்பில் நிற்காமல் போயிற்று. தின்பது எதிலும் ருசி இல்லாததால் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துவிடுவேன், மண்டிக்கு வருகிறவர்கள் "இன்னா சார், சக்கரை வியாதியா?" என்று துக்கம் விசாரித்தார்கள். உன் அக்காவுக்கு நேர்மாறு. தித்திப்பு போன வாய்க்கு உறைப்பாக ஏதாவது வேண்டியிருந்தது, முறுக்கு, மிக்சர், காரக் கடலை என்று ராத்திரி பகல் பார்க்காமல் அரைத்து, ஜாக்கெட் எல்லாம் தைத்த இடத்தில் விட்டுக்கொண்டது. ஜீரண அக்கினி எரியும் என்றாயே, அவளுக்கு அது அணையவே இல்லை. கஸ்தூரியோ மேலும் ஒரு சுற்றுப் பூசினாற்போல் ஆனாள், முகத்தில் தேஜஸ் வேறு. அவள் ஒருத்திக்காகக் கொடுத்த மருந்து அவளை மட்டும் விட்டுவிட்டு வீட்டில் மற்றவரை எல்லாம் பிடித்துக்கொண்டது. உனக்கு எழுதினேன். உடம்பு வாகு, இலையை இரட்டிப்பாக்குங்கள் என்று பதில் போட்டாய். இரட்டித்தோம். வைத்தியன் நீ, நாங்கள் யார் கேட்பதற்கு.

தீபம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள், வாசலில் செருப்பு விட இடம் இல்லை. நீயும் ஜிப்பா போட்டுக்கொண்டு, கையில் ஒரு பை இலையோடு, அவர்களுக்கு முன்னால் இறங்கினாய். பெண்ணை யாரும் கேட்கவில்லை, "மாடிப்படி எந்தப் பக்கம்?"னுதான் கேட்டார்கள். மலை மேல் ஜோதி தெரிந்து, ஊரே அரோகரா என்று எழும்பி அடங்கிய பிறகு, விரதம் விட்ட பசியோடு கீழே வந்து பந்தியில் உட்கார்ந்தார்கள். கேசரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கஸ்தூரி கிளறினாள், நான் ருசி பார்த்தேன். இலையை மென்றுவிட்டுத்தான் பார்த்தேன், பத்தியத்தில் நான் தவறவே இல்லை. சப்பென்று இருந்தது. "இன்னும் போடு" என்றேன். போட்டாள். உன் அக்கா பார்த்தாள். அவளும், "மண்ணு மாதிரி இருக்குதே, இன்னும் போடு" என்றாள். "இன்னும் போடட்டுமாப்பா?" என்று கஸ்தூரி என் முகத்தையே பார்த்துக் கேட்டாள். "போடு, நம்ம வீட்டுக் கவுரவம்" என்று டப்பாவை நானே கவிழ்த்தேன். ரேஷன், கள்ளச் சந்தை என்று வீட்டில் இருந்த சர்க்கரை அவ்வளவும் அந்த வாணலிக்குள் போயிற்று. கரண்டி அதற்குள் நட்டமாக நின்றது.

ராஜம்மாள் முதல் வாயைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். "என்னங்க இவ்ளோ தித்திப்பு, பல்லெல்லாம் கூசுதே" என்றாள். நான் உண்மையாகவே ஆச்சரியப்பட்டு, "தித்திக்குதா? எங்களுக்குச் சப்புனு இல்ல இருக்குது" என்றேன். கேலி செய்கிறேன் என்று நினைத்து அந்த அம்மாள் முகம் மாறியது. அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பாதிப் பிழைத்திருப்போம். நீ எழுந்தாய். "எங்க மாமாவப் பாருங்க, எப்படி எளைச்சிருக்காரு, எல்லாம் நம்ம மூலிகை" என்று பையைத் திறந்து, அவர்கள் குடும்பத்திலேயே பருமனான ராஜம்மாள் கையில் முதல் இலையைக் கொடுத்தாய். பையனுக்கும் கொடுத்தாய். நன்றாக மென்று நாக்கு முழுக்கப் பரவ விடுங்கள் என்று பாடம் வேறு நடத்தினாய். விட்டார்கள். பிறகு அந்த அம்மாள் அதே வாழை இலையிலிருந்து அதே கேசரியை இரண்டாவது வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

அந்த முகத்தை நான் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன். மென்றாள், நிறுத்தினாள், இன்னொரு வாய் போட்டாள். பையன் பக்கம் திரும்பி, "உனக்கு இனிக்குதாடா?" என்று கேட்டாள். "இல்லம்மா, மணல் மாதிரி இருக்குது" என்றான். அவ்வளவுதான். பெண் வீட்டில் மாப்பிள்ளையை மயக்கச் சாப்பாட்டில் மருந்து வைப்பார்கள் என்று ஜில்லா முழுக்க ஒரு பேச்சு உண்டே, அது அந்த அம்மாளுக்கு அந்த நிமிஷத்தில் நேராகத் தெரிந்துவிட்டது. "இப்பத்தான் தித்திச்சுது, அதுக்குள்ள மண்ணாயிடுச்சு. என் புள்ளைக்கு மருந்து வெச்சுட்டாங்க, நாக்கைக் கட்டிட்டாங்க" என்று எழுந்துவிட்டாள். பந்தி மொத்தமும் எழுந்தது. ஜவுளிக்கடைக்காரர் பையனைக் கொல்லைக்கு இழுத்துப் போய்த் தொண்டையில் விரல் விட்டார். வைத்த மருந்தை எடுக்கிற ஆள் போளூர்ப் பக்கம் இருக்கிறானாம், உடனே போக வேண்டும் என்று, தீபக் கூட்டத்தில் நகர முடியாத வேனைத் தள்ளிக்கொண்டே போனார்கள். தள்ளினவர்களில் நீயும் ஒருத்தன். மாமா, வரேன் என்றுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோணியில் மிச்சம் இருந்த இலையை மட்டும் எங்களுக்கு விட்டுவிட்டுப் போனாய்.

மறுநாள் காலையில் வெறுத்துப் போய், இலையும் வேண்டாம் இளைப்பும் வேண்டாம் என்று அப்படியே காபியை எடுத்துக் குடித்தேன். தித்தித்தது. ஏழுமலை ஏதோ கையெழுத்து வாங்க வந்து முற்றத்தில் நின்றுகொண்டிருந்தான், அவன் எதிரிலேயே தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு இலையை மென்றுவிட்டு மிச்சக் காபியைக் குடித்தேன். வெந்நீர். உன் அக்காவைக் கூப்பிட்டு வெல்லத்தைக் கொடுத்து, இலையைக் கொடுத்து, மறுபடியும் வெல்லத்தைக் கொடுத்தேன். அவள் வாயைத் திறந்தபடியே உட்கார்ந்துவிட்டாள். கஸ்தூரி மெதுவாக, "இது சிறுகுறிஞ்சான்பா. சக்கரைக்கொல்லின்னும் சொல்லுவாங்களாம். இதை மென்னா கொஞ்ச நேரத்துக்கு நாக்குல தித்திப்பு தெரியாதாம்" என்றாள். அப்போது கொழுப்பு கரைந்தது எங்கே என்று கேட்டேன். "தித்திப்பு தெரியலைனா தித்திப்பைக் கம்மியாத் துன்னுவோம், அவ்ளோதாம்பா" என்றாள். நேரே ரேஷன் கடைக்குப் போனேன். வரிசையில் நின்ற அத்தனை பேர் எதிரிலும் ஆதிமூலத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கிட்டதாம்பா கோளாறு" என்றேன். "பரவால்லைணா, தீபத்துக்கு அப்புறம் எல்லாருக்கும் நாக்கு செத்துத்தான் போவும்" என்று எனக்கே சமாதானம் சொன்னான். எனக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மருந்து வைக்கிற வீடு என்று எங்களுக்குப் பேர் வந்துவிட்டது. வேலூரில் கிளம்பி போளூர் வழியாக உன் இலை மூட்டை வந்த அதே பஸ்ஸில் இந்தப் பேச்சும் வந்து இறங்கியது. பக்கத்து வீட்டிலிருந்து கொலுசு சத்தத்தோடு ஓடி வந்து சுண்டல் வாங்கிப் போகிற குழந்தையை இப்போது வாசலிலேயே கூப்பிட்டுக்கொள்கிறார்கள். ஜாதகம் கேட்டிருந்த இரண்டு இடத்தில் பதிலே இல்லை. தரகர் என்னைத் தேரடியில் கண்டால் எதிர்ப் பக்கம் நடக்கிறார். இந்த ஊரில் எங்கள் வீட்டில் பயமில்லாமல் ஒரு வாய் காபி குடிக்கிறவன் அந்தத் தாலுகா ஆபீஸ் பையன் ஏழுமலை ஒருத்தன்தான், அவனும் உத்தியோக தர்மத்துக்காகக் குடிக்கிறான். கஸ்தூரிக்கு இனிமேல் எந்த இடம் அமையும் என்று நினைத்தால் எனக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை. அவள் குறையில்லாத பெண் பரசுராமா. சிரித்தால் வீடு நிறைந்துவிடும். நானும் நீயும் சேர்ந்துதான் அவளை மூட்டைகளுக்கு நடுவில் நிற்க வைத்தோம்.

ஆகவே, மேற்படி இலையால் நாங்கள் அடைந்த நன்மைகள் யாதெனில், என் வேட்டிக்கு ஒரு பெல்ட், உன் அக்காவுக்குப் புது ஜாக்கெட், ஒரு நல்ல மனுஷன் கண்ணீர், என் பெண்ணுக்கு வரவிருந்த வரன்கள் அத்தனையும் ஸ்வாஹா. இதை நோட்டீஸின் இரு பக்கமும் அச்சடித்து வேலூர்க் கோட்டை வாசலில் நின்று நீயே விநியோகம் செய். அந்த ஜவுளிக்கடையில் மட்டும் மறக்காமல் ஒன்று கொடு. எங்கள் மேல் விழுந்த பழியை நீ அங்கே போய்த் துடைத்துவிட்டு வருகிற வரைக்கும் எங்கள் வாசற்படியை மிதிக்கக் கூடாது. அடுத்த தீபத்துக்கும் மாடி கிடையாது. உனக்கும் உன் பெண்சாதி சந்திரகலாவுக்கும் குழந்தைகளுக்கும் அண்ணாமலையார் நீண்ட ஆயுளையும், உனக்குத் தனியாகக் கொஞ்சம் புத்தியையும் அருள வேண்டும் என்று பிரார்த்திக்கும்,

உன் அக்காள் புருஷன்,
ராஜமாணிக்கம்.

பி.கு.: இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் பிழை பார்க்கக் கஸ்தூரியிடம் கொடுத்தேன். படிக்கப் படிக்கச் சிரித்தாள். தராசு மேடை வந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. முழுக்கப் படித்துவிட்டு, "நான் ஒரு இலைகூடத் துன்னலப்பா, எல்லாத்தையும் முருங்கை மரத்தடியில புதைச்சுட்டேன்" என்றாள். அப்படியானால் சர்க்கரை தித்திக்கிறது என்று முதல் நாளிலிருந்தே உனக்குத் தெரியுமே, நான் ஆதிமூலத்தோடு சண்டைக்குப் போகும்போது ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "உங்களுக்கு இனிக்காததுக்கு இலைதான் காரணம்னு அப்ப எனக்குத் தெரியாதுப்பா, விசாரணைக்கு வந்தப்ப அவருதான் சொன்னாரு. சர்க்கரை நல்லா இருக்குதுன்னு நான் சொல்லியிருந்தா நீங்க மனு போட மாட்டீங்க. மனு போடலைனா அவரு எப்படிப்பா நம்ம வீட்டுக்கு வருவாரு?" என்றாள். எவர் என்று கேட்டேன். ஏழுமலை போன வருடமே இவளோடு அந்த இன்ஸ்டிட்யூட்டில் டைப் கற்றுக்கொண்டானாம். டப்பா மூடிக்கு ஒரு தனி நடை நடந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கேசரியில் நான் போடப் போட ஏன் தடுக்கவில்லை என்றும் கேட்டேன். "என்னை எளைக்கச் சொன்னவங்களுக்கு என்னைப் பிடிக்க வேணாம்னுதான்" என்றாள். பிறகு, "அன்னிக்கு மண்டியில நீங்க முள்ளைத்தாம்பா பாத்தீங்க. ஒரு வாட்டி என் மூஞ்சியைப் பாத்திருந்தா நானே சொல்லியிருப்பேன்" என்றாள். கடிதத்தை ஒட்டாமல் வைத்துவிட்டு, மறுநாளே ஏழுமலை வீட்டுக்குச் சொல்லியனுப்பினேன்.

ஏழுமலையின் அப்பா அம்மா தை பிறந்ததும் வருகிறார்கள். அவர்கள் எடையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் மாடியிலிருந்து தீபம் தெரியுமா என்று மட்டும் அந்த அம்மாள் கேட்டனுப்பினாள். தெரியும் என்று சொல்லிவிட்டேன். ஆகவே மேலே எழுதியதில் உன்னைத் திட்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடவும். தின்னாமலேயே வரன் கொடுத்த இலை என்று நீ நோட்டீஸில் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம், என் கையெழுத்து உண்டு. தாய்மாமன் இல்லாமல் தட்டு மாற்றக் கூடாது என்று உன் அக்கா ஒற்றைக் காலில் நிற்கிறாள், குடும்பத்தோடு வந்து சேர். வரும்போது அந்த இலையில் ஒரு பிடி கொண்டு வா. கஸ்தூரி அன்றைக்கு அளவாகச் சர்க்கரை போட்டுக் கேசரி செய்யப் போகிறாள், என்னை அடுப்படிப் பக்கம் விடுவதில்லை என்று சொல்லியாகிவிட்டது. நாங்கள் எல்லாரும் பார்க்க, நீ அந்த ஒரு பிடியையும் நன்றாக மென்று, நாக்கு முழுக்கப் பரவ விட்ட பிறகுதான் உன் இலையில் கேசரி விழும்.